சினிமாஸ்கோப் படத்துக்கு ஜூம் வேண்டாம், சோபாவை நகர்த்துங்கள்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். புதிதாக 55 அங்குல 4கே டிவி வாங்கியிருக்கிறீர்கள். தமிழ்ப் படம் போட்டால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருகிறது. "இவ்வளவு காசு போட்டு வாங்கி, பாதித் திரைதான் தெரியுது" என்று வீட்டில் சொல்கிறார்கள். ஜூம் போட்டால் திரை நிரம்புகிறது, ஆனால் சப்டைட்டில் வெட்டுப்படுகிறது. பழைய படங்களில் முகங்கள் அகன்று தெரிகின்றன. 4கே என்று எழுதியிருக்கும் படமும் சில சமயம் மங்கலாக இருக்கிறது. டிவியில் கோளாறா, செட்டிங்கில் கோளாறா, இதற்குப் பதில் ப்ரொஜெக்டர் வாங்கியிருக்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

டிவியில் கோளாறு இல்லை. பட்டையும் கோளாறு இல்லை, அது படமே இல்லாத இடம், அவ்வளவுதான். ஆனால் வீட்டில் உள்ளவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சினிமாஸ்கோப் படம், அதாவது அகலத் திரைக்கென்று எடுத்த படம், வீட்டு டிவியில் சின்னதாகிவிடுகிறது என்பது உண்மை. அதற்கு மருந்து ஜூம் பொத்தான் அல்ல, உட்காரும் தூரம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நல்ல ஒளிப்பதிவாளர்கள் பார்த்துப் பார்த்து எடுத்த படங்களை நம் வீடுகளில் ஓரம் வெட்டி, இழுத்து, மெழுகு பூசிப் பார்ப்பது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

முதலில் கணக்கு. டிவி திரையின் அகலம் 16 பங்கு என்றால் உயரம் 9 பங்கு. வகுத்தால் 1.78. இதைத்தான் ஆஸ்பெக்ட் ரேஷியோ என்கிறார்கள். நம் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை ஸ்கோப், அதாவது சினிமாஸ்கோப். அதில் உயரம் 1 என்றால் அகலம் 2.35, இன்றைய அளவில் 2.39. உங்கள் டிவி ஏறக்குறைய 122 சென்டிமீட்டர் அகலம், 68.5 சென்டிமீட்டர் உயரம். அந்த அகலத்தில் ஸ்கோப் படம் வைத்தால் உயரம் 51 சென்டிமீட்டர்தான் வரும். மிச்சம் இருப்பதில் மேலே சுமார் 9, கீழே சுமார் 9 சென்டிமீட்டர் கறுப்பு. அதாவது திரையில் முக்கால் பங்கு படம், கால் பங்கு பட்டை. பாதி இல்லை.

"அந்தக் கால் பங்கு பிக்சல் வீண்தானே" என்று தோன்றலாம். பிக்சல் என்பது படத்தை உருவாக்கும் சின்னப் புள்ளி. தியேட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2கே டிஜிட்டல் ப்ரொஜெக்டர் உள்ள தியேட்டரில் ஸ்கோப் படம் 2048 × 858 பிக்சல். உங்கள் டிவியில் பட்டை போக மிஞ்சுவதே 3840 × 1607. பட்டையோடு பார்த்தாலும், அத்தனை பெரிய வெண்திரையில் விழுவதைவிட அதிகப் பிக்சல் உங்கள் ஹாலில் இருக்கிறது.

சரி, படத்துக்கும் டிவிக்கும் ஏன் வடிவம் ஒத்துப்போகவில்லை? மௌனப் படக் காலத்தில் 35 எம்எம் பிலிமில் படச்சட்டம் 1.33 என்ற அளவில் இருந்தது. ஒலி வந்த பிறகு, பிலிமில் ஒலிப்பட்டைக்கு இடம் விட்டு, 1932-ல் ஆஸ்கர் விருது தரும் அமெரிக்க அகாதமி அதை 1.37 என்று நிலைப்படுத்தியது. பின்னால் வந்த தொலைக்காட்சி சினிமாவின் வடிவத்தையே எடுத்துக்கொண்டது. அதுதான் நாம் பார்த்து வளர்ந்த 4:3 டிவி. 1950-களில் அமெரிக்காவில் ஜனங்கள் வீட்டு டிவியோடு நின்றுவிட, டிவியால் தர முடியாத ஒன்றைத் தர வேண்டிய கட்டாயம் ஸ்டூடியோக்களுக்கு வந்தது. பிரான்ஸைச் சேர்ந்த ஆன்றி கிரெத்தியன் 1920-களிலேயே உருவாக்கியிருந்த லென்ஸை ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் வாங்கி, 1953-ல் 'தி ரோப்' படத்தோடு சினிமாஸ்கோப்பை அறிமுகப்படுத்தியது. படம் எடுக்கும்போது அந்த லென்ஸ் காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக நெருக்கிப் பிலிமில் பதிக்கும். தியேட்டரில் ப்ரொஜெக்டரில் உள்ள இன்னொரு லென்ஸ் அதை விரித்துக் காட்டும். ஆபரேட்டர் அந்த ஸ்கோப் லென்ஸை மாட்டாவிட்டால் திரையில் எல்லோரும் ஒல்லியாக, நெட்டையாக நிற்பார்கள்.

இந்தியாவுக்கு அது 1959-ல் வந்தது. குரு தத் இயக்கி, வி.கே. மூர்த்தி ஒளிப்பதிவு செய்த 'காகஸ் கே ஃபூல்'. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-ல் வந்த 'ராஜராஜ சோழன்'. 1986-ல் 'மாவீரன்' 70 எம்எம்மில் வந்தது. போஸ்டரில் கதாநாயகன் பெயருக்குச் சமமாக 'சினிமாஸ்கோப்' என்ற எழுத்தும் வளைந்து நின்ற காலம் அது. பிற்பாடு ஸ்கோப் என்பதே நமக்கு வழக்கமாகிவிட்டது.

டிவிக்கு 16:9 எப்படி வந்தது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். எச்டி டிவிக்கு என்ன வடிவம் வைப்பது என்று 1980-களில் பேச்சு வந்தபோது, கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற பொறியாளர் புழக்கத்தில் இருந்த எல்லாப் பட வடிவங்களையும் ஒரே பரப்பளவில் வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். 1.33-க்கும் 2.35-க்கும் நடுவே, இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு இழப்பு வரும் இடம் 1.78-க்குப் பக்கத்தில் விழுந்தது. அதுதான் 16:9. ஆகவே பழைய படத்துக்குப் பக்கவாட்டில் பட்டை, ஸ்கோப்புக்கு மேலும் கீழும் பட்டை என்பது பிறவியிலேயே ஒப்புக்கொண்டு செய்த சமரசம்.

இப்போது உங்கள் வீட்டார் சொல்லும் நியாயத்துக்கு வருகிறேன். நல்ல தியேட்டரில் ஸ்கோப் படம் தொடங்கும்போது ஓரத்துக் கறுப்புத் திரைச்சீலைகள் இரண்டு பக்கமும் விலகும். உயரம் அப்படியே இருக்கும், அகலம் கூடும். ஸ்கோப் என்றாலே மற்றப் படங்களைவிடப் பெரியது என்ற உணர்வு அங்கே கிடைக்கிறது. வீட்டில் நேர்மாறாக நடக்கிறது. அகலம் மாறாது, உயரம் குறைகிறது. பெரிதாகத் தெரிய வேண்டிய படம் செய்திச் சேனலைவிடச் சின்னதாகத் தெரிகிறது. இந்த ஏமாற்றம் நியாயமானது.

இதைச் சரிசெய்ய ஜூம் போட்டால் என்ன ஆகிறது? 2.39 படத்தை 16:9-ல் நிரப்ப, அகலத்தில் கால் பங்குக்குச் சற்று மேலேயே வெட்ட வேண்டும். 3840 பிக்சல் அகலத்தில் 2860 போலத்தான் மிஞ்சும். கல்யாண குரூப் போட்டோவில் இரண்டு ஓரத்தையும் கத்தரித்துவிட்டு "இப்போது சட்டத்துக்குச் சரியாக இருக்கிறது" என்று மாட்டி வைப்பது போன்ற வேலை இது. ஸ்கோப்பில் ஒளிப்பதிவாளர்கள் ஓரங்களை வெறுமனே விடுவதில்லை. பேசுகிறவர் இடது ஓரத்தில், கேட்டுக்கொண்டிருப்பவர் வலது ஓரத்தில், நடுவில் வெற்றிடம் என்று வைப்பார்கள். அந்த வெற்றிடத்துக்கும் அர்த்தம் உண்டு. ஜூம் போட்டால் வெற்றிடம் மட்டும் மிஞ்சி, இரண்டு பேருடைய காதும் தோளும் தெரியும். கூட்ட நடனத்தில் ஓர வரிசை போய்விடும். கீழ்ப் பட்டையில் வரும் சப்டைட்டில் காணாமல் போகும்.

4:3 டிவி காலத்தில் இதைவிட மோசமாக, ஸ்கோப் படத்தில் 44 சதவீதத்தை வெட்டிக் காட்டினார்கள். டைட்டில் ஓடும்போது எழுத்து வெட்டுப்படக் கூடாதே என்று படத்தை நெருக்கிவிடுவார்கள், டைட்டில் முடிந்ததும் சட்டென்று ஓரங்கள் போய்விடும். பல தமிழ்ப் படங்களை நாம் முழுசாகப் பார்த்ததே இல்லை என்றுகூடச் சொல்லலாம்.

அதனால் படத்தைப் பெரிதாக்காதீர்கள், கண்ணை அருகே கொண்டு போங்கள். பொதுவாக ஒன்பது அடியில், அதாவது 2.7 மீட்டரில் உட்கார்ந்து பார்க்கிறீர்கள் என்றால், ஸ்கோப் படத்துக்கு இரண்டு மீட்டருக்கு வாருங்கள், ஆறரை ஏழு அடி. அங்கிருந்து பார்த்தால் 51 சென்டிமீட்டர் உயரமுள்ள படம், முன்பு 68 சென்டிமீட்டர் படம் தெரிந்த அதே உயரத்தில் தெரியும். அகலம் முன்பைவிடக் கூடித் தெரியும். தியேட்டரில் திரைச்சீலை விலகியபோது நடந்தது இதேதான். திரை நம் பார்வையில் குறைந்தது 30 டிகிரி அகலமாவது பிடிக்க வேண்டும் என்பது அமெரிக்கத் திரைப்படப் பொறியாளர் சங்கமான எஸ்எம்பிடிஇ-யின் பெயரில் வழங்கும் பழைய அளவுகோல். 55 அங்குலத்துக்கு அது சுமார் 2.3 மீட்டர் தூரம். சினிமா அனுபவம் வேண்டுமென்றால் 40 டிகிரி வரை போகலாம், அது சுமார் 1.7 மீட்டர். "கிட்டே உட்காராதே, கண் கெட்டுப் போகும்" என்று சிறுவயதில் கேட்டதை இதற்குப் பொருத்த வேண்டாம். 4கே-யில் அந்தத் தூரத்திலும் பிக்சல் கண்ணுக்குத் தெரியாது.

இன்னொன்று, பட்டை கண்ணை உறுத்துவது பெரும்பாலும் அது முழுக் கறுப்பாக இல்லாததால்தான். எல்இடி டிவிகளில் பின்னால் விளக்கு எரிவதால் கறுப்பு சாம்பலாகக் கசியும். ஓஎல்இடியில் அந்தப் பிக்சல் அணைந்தே இருக்கும். எல்இடி டிவிதான் என்றால் ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு, டிவிக்குப் பின்னால் சுவரில் படும்படி ஒரு சின்ன வெள்ளை விளக்கை வையுங்கள். அந்த வெளிச்சத்தில் கசிவு அடங்கி, பட்டை கறுப்பாகவே தெரியும்.

ஜூம் பொத்தானுக்கு நியாயமான வேலை ஒன்று உண்டு. பழைய தமிழ் டிவிடிகள் பலவற்றில் ஸ்கோப் படத்தை 4:3 சட்டத்துக்குள் பட்டையோடு பதித்திருப்பார்கள். அதை இன்றைய டிவியில் போட்டால் நான்கு பக்கமும் கறுப்பு வந்து, நடுவே தபால்தலை அளவில் படம் நிற்கும். அப்போது ஜூம் போடுங்கள். வெட்டுப்படுவது பட்டை மட்டும்தான், படம் முழுசாக இருக்கும். ஆனால் தெளிவை அதிகம் எதிர்பார்க்க முடியாது. மேலிருந்து கீழாக 576 பிக்சல் வரியுள்ள டிவிடியில் இப்படிப் பதித்தால் படத்துக்குக் கிடைப்பது 327 வரிதான். பக்கவாட்டில் நெருக்கிப் பதித்து, போடும்போது விரிக்கும் அனமார்ஃபிக் முறையில் பதித்திருந்தால் 436 வரி கிடைத்திருக்கும்.

சில படங்களில் பட்டை தானாகவே போய் வரும், அதற்கும் பயப்பட வேண்டாம். 'தி டார்க் நைட்' படத்தில் சில காட்சிகள், உயரம் கூடிய படம் எடுக்கும் ஐமேக்ஸ் கேமராவில் எடுத்தவை. ப்ளூரேயில் அவை திரை முழுதும் விரியும், மற்றவை ஸ்கோப்பில் நிற்கும். ஓடிடி தொடர்கள் பலவற்றுக்கு மெல்லிய பட்டை வருவது, அவற்றை 2:1 அளவில் எடுப்பதால்.

பழைய படங்களுக்கு வருவோம். நம் 50-கள், 60-களின் படங்கள் 1.37 அளவில் எடுத்தவை. 16:9 டிவியில் இடமும் வலமும் பட்டையோடுதான் வர வேண்டும். சேனலோ செட்டாப் பாக்ஸோ அதை இழுத்து நிரப்பினால் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு அகன்றுவிடும். சிவாஜி கணேசனின் முகத்தை அப்படிப் பார்ப்பதில் என்ன நடிப்பைப் பார்க்க முடியும்? கண்டுபிடிப்பது சுலபம். திரையில் வட்டமாக இருக்க வேண்டிய ஏதாவது ஒன்றைப் பாருங்கள்: வண்டிச் சக்கரம், சுவர்க் கடிகாரம், கதாநாயகியின் நெற்றிப் பொட்டு. அது முட்டை வடிவத்தில் இருந்தால் படம் இழுக்கப்பட்டிருக்கிறது.

முதலில் செட்டாப் பாக்ஸின் வீடியோ செட்டிங்கில் 16:9 என்று வைத்து, 'ஸ்ட்ரெச்' போன்ற எதையும் எடுத்துவிடுங்கள். பாக்ஸை மஞ்சள்-சிவப்பு-வெள்ளை ஒயரில் இணைத்திருந்தால் இன்றைக்கே எச்டிஎம்ஐ கேபிளுக்கு மாற்றுங்கள். அப்புறம் டிவியில் 'ஒரிஜினல்' அல்லது 'ஜஸ்ட் ஸ்கேன்' என்ற அளவைத் தேர்ந்தெடுங்கள். 'ஜஸ்ட் ஸ்கேன்' போடாவிட்டால் சில டிவிகள் நான்கு ஓரத்திலும் கொஞ்சம் வெட்டிவிடும். இத்தனைக்குப் பிறகும் பொட்டு முட்டையாகவே இருந்தால் சேனலே இழுத்து அனுப்புகிறது. அப்போது டிவியை 4:3-க்கு மாற்றுங்கள், இழுத்தது மறுபடி நெருங்கி முகம் சரியாகிவிடும். ஆனால் மேலும் கீழும் வெட்டி 16:9 ஆக்கி அனுப்பினால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. தலையும், பரதநாட்டியத்தில் பாதமும் போனது போனதுதான்.

இங்கே இன்னொரு விஷயம், பாட்டுக் கேட்பவர்கள் ரசிப்பார்கள். சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள். நம் நாட்டு டிவி முறை நொடிக்கு 25. பழைய டிவிடி, டிவி பிரதிகள் பலவற்றில் 24-ஐ அப்படியே 25 வேகத்தில் ஓட்டினார்கள். படம் நான்கு சதவீதம் வேகமாக ஓடும், இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிடம் முன்பே முடியும். ஒலியைத் தனியாகச் சரிசெய்யாவிட்டால் பாட்டின் சுருதி கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறிவிடும். இசைத்தட்டில் கேட்ட பாட்டு படத்தில் சற்று உயர்ந்து ஒலிப்பதற்கு இது ஒரு காரணம்.

இனி 4கே என்று போட்டும் மங்கலாக இருப்பது பற்றி. 4கே என்பது எத்தனை பிக்சல் என்பதை மட்டும்தான் சொல்லும். அந்தப் பிக்சல்களை நிரப்ப எவ்வளவு தகவல் வருகிறது என்பது வேறு கணக்கு. சாதாரண ப்ளூரே தட்டில் படத்துக்கு நொடிக்கு 40 மெகாபிட் வரை இடமுண்டு. ஓடிடியில் 4கே படம் பெரும்பாலும் 15 முதல் 25 மெகாபிட்டுக்குள் வருகிறது, நெட் தடுமாறினால் இன்னும் இறங்கும். அதனால் மழைக் காட்சி, புகை, புழுதி, இருட்டு ஆகியவற்றில்தான் முதலில் அடிபடும். இருட்டில் கட்டம் கட்டமாகவும், வானத்தில் படிப்படியான வளையங்களாகவும் தெரிவது தகவல் போதாததன் அடையாளம். டிவியை வைஃபையில் விடாமல் ரூட்டரிலிருந்து நேராக ஒயர் இழுத்துப் பாருங்கள். சந்தாவில் 4கே உள்ள திட்டம்தானா என்றும் பாருங்கள், மலிவான திட்டங்களில் 720 வரியோடு நிற்பவை உண்டு.

இணையத்தில் '4கே ரீமாஸ்டர்' என்று வரும் பழைய பாடல்களில் பல, டிவிடி பிரதியை மென்பொருளில் ஊதிப் பெருக்கியவை. முகம் மெழுகுபோல வழவழப்பாக, தலைமுடி ஒரே பூச்சாக, பட்டுச் சேலையின் ஜரிகை கரைந்து இருக்கும். பழைய படம் என்றால் மங்கல்தான் என்று நினைத்துவிடாதீர்கள். 35 எம்எம் நெகட்டிவில் இன்றைய எச்டியை மிஞ்சும் நுணுக்கம் இருக்கிறது. நெகட்டிவிலிருந்து நேராக ஸ்கேன் செய்த கறுப்பு-வெள்ளைப் படத்தை ஒருமுறை பார்த்தால் தெரியும், துணியின் நெசவு வரைக்கும் இருக்கும். மெல்லிய மணல்போல அசையும் புள்ளிகள் பிலிமின் இயல்பு. அதை அழுக்கு என்று நினைத்து 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' போட்டால் புள்ளியோடு நெசவும் போய்விடும்.

டிவி செட்டிங்கில் நான் முதலில் கைவைப்பது மோஷன் ஸ்மூதிங். சாம்சங்கில் 'ஆட்டோ மோஷன் பிளஸ்', எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ' என்று பெயர் மாறும். 24 ஃப்ரேமுக்கு நடுவே டிவி தானாகவே ஃப்ரேம் செய்து நுழைக்கிறது. அதனால்தான் சினிமா சீரியல் மாதிரி தெரிகிறது. கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் இருக்கட்டும், படத்துக்கு அணைத்துவிடுங்கள். 2019-ல் பல நிறுவனங்கள் சேர்ந்து அறிவித்த 'ஃபிலிம்மேக்கர் மோட்' உங்கள் டிவியில் இருந்தால் அதைப் போடுங்கள், அணைக்க வேண்டிய பலவற்றை அதுவே அணைக்கும், படத்தின் விகிதத்தையும் மாற்றாது. இல்லையென்றால் 'சினிமா' அல்லது 'மூவி' மோட். முதல் இரண்டு நாள் மஞ்சளாகத் தெரியும். கடையில் கண்ணைப் பறிக்க வைத்த 'விவிட்' மோடின் நீலத்துக்குக் கண் பழகிப்போனதுதான் காரணம், பொறுத்துக்கொள்ளுங்கள். ஷார்ப்னெஸைக் கிட்டத்தட்ட அடிமட்டத்துக்கு இறக்குங்கள். கூட்டினால் நுணுக்கம் கூடாது, உருவங்களைச் சுற்றி வெள்ளைக் கோடு மட்டும் வரும்.

வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூடுதலாகக் காட்டும் எச்டிஆர் படம் சில வீடுகளில் இருட்டாகத் தெரியும். அதற்குக் காரணம் பெரும்பாலும் அறை வெளிச்சம். எச்டிஆரில் ஒரு வகையான டால்பி விஷனில் இருட்டறைக்கு ஒன்று, வெளிச்சமான அறைக்கு ஒன்று என இரண்டு மோட் வைத்திருப்பார்கள். பகலில் இரண்டாவதைப் போடுங்கள்.

கடைசியாக ப்ரொஜெக்டர். ஸ்கோப் படத்துக்கு அது அருமையான வழிதான். 2.35 அளவில் திரை கட்டி, 16:9 படத்தை அதன் நடுவில் அதே உயரத்தில் காட்டினால், தியேட்டரில் கிடைத்த அகலம் வீட்டிலும் கிடைக்கும். ஆனால் ஜன்னலை முழுசாக மறைக்கக்கூடிய தனி அறை வேண்டும். ஹாலில் பகல் வெளிச்சத்தில் எந்த ப்ரொஜெக்டரிலும் கறுப்பு வராது, உங்கள் டிவியே மேல். ஆன்லைனில் மலிவாகக் கிடைப்பவற்றில் '4கே சப்போர்ட்' என்று பெரிதாக எழுதியிருப்பதை நம்பி வாங்காதீர்கள். 4கே சிக்னலை ஏற்றுக்கொள்ளும் என்பதுதான் அதன் பொருள். ப்ரொஜெக்டர் உண்மையில் காட்டும் பிக்சல் எண்ணிக்கையைச் சொல்லும் 'நேட்டிவ் ரெசல்யூஷன்' என்ற வரியைத் தேடிப் பாருங்கள், 1280 × 720 என்றோ அதற்கும் கீழேயோ இருக்கலாம். 1920 × 1080-க்குக் குறைந்தால் வேண்டாம்.